பத்துக் கிலோமீற்றர் என்னும் எண்

ஆதிசேடன் தன் தலையை அசைக்குங்கால் பூமி அதிரும் என்பது நம் முன்னோர் வழங்கிய கதை. கதையேயாயினும், அதிர்ச்சியின் பிறப்பிடம் நிலத்தின் அடியில் உள்ளது என்னும் எண்ணம் அதனுள் அடங்கியிருக்கின்றது. அடியில் எனின், எவ்வளவு ஆழத்தில்? விஞ்ஞானிகள் நெடுங்காலம் ஆராய்ந்த இவ்வினா, 2020 ஆம் ஆண்டில் கண்டிப் பகுதி மக்களுக்கும் உரியதாயிற்று.

அவ்வாண்டு ஓகஸ்ட் 29 ஆம் நாளிரவு திகன, ஹாரகம, அனுரகம முதலிய ஊர்களில் பேரொலியுடன் நிலம் அதிர்ந்தது. பின்வந்த மாதங்களிலும் சிற்றதிர்ச்சிகள் தொடர்ந்தன. அண்மையிலேயே மகாவலி கங்கையை மறித்து 1985 இல் திறக்கப்பெற்ற, 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணை நிற்கின்றது. சுண்ணக்கல் அகழும் இடங்களின் வெடியே காரணம் என்றனர் சிலர். தேங்கிய நீரின் பாரமே என்றனர் வேறு சிலர். பின்னவரின் அச்சம் அடிப்படையற்றதன்று. மகாராட்டிரத்தின் கொய்னா அணையருகே 1967 டிசம்பரில் நேர்ந்த பூகம்பத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது 1962 இலேயே ஆகும்.

இவ்வழக்கில் ஆழம் ஒரு முதன்மையான சாட்சி. வெடியெனின் அதிர்ச்சி மையம் நிலமட்டத்தை ஒட்டியிருக்கும்; பாறைப் பிளவின் அசைவெனின் பல கிலோமீற்றர் கீழேயும் இருத்தல் கூடும். ஆயின் அச்சாட்சியின் சொல்லை ஆராயாது ஏற்றல் தகாது.

உலகப் பூகம்பப் பட்டியல்களைப் புரட்டும் ஆர்வலர் ஒரு விந்தையைக் காண்பர். ஆழத்தைக் குறிக்கும் நிரலில் 10, 10, 10 என்று ஒரே எண் மீண்டும் மீண்டும் வரும். பழைய பட்டியல்களிலோ 33 என்பது அவ்வாறு வரும். பூமிக்குள் மறைபொருள் ஏதோ உண்டென்றும், மனிதர் செய்யும் இரகசிய வெடிப்புகளென்றும் பலர் ஊகித்தனர்.

உண்மை எளியது. சற்று முன்னர் மேலே நிகழ்ந்த அதிர்ச்சியும், சற்றுப் பின்னர் கீழே நிகழ்ந்த அதிர்ச்சியும் தொலைவிலுள்ள கருவியில் ஏறத்தாழ ஒரே கணத்திற் பதிவாகும். ஆகவே அண்மையிற் கருவி இல்லாதவிடத்து ஆழத்தைப் பிரித்தறிதல் அரிது. அப்போது கணிப்போர் பொருத்தமானதோர் எண்ணைத் தாமே வைத்துக்கொள்வர். ஜெஃப்ரிசும் புல்லனும் 1940 இல் வெளியிட்ட அட்டவணைகளில் புவியோட்டின் தடிப்பு 33 கிலோமீற்றர் எனக் கொள்ளப்பட்டது. முன்னாளில் அவ்வெண்ணே வைக்கப்பட்டது. ஆழமற்ற அதிர்ச்சிகள் பல ஏறத்தாழ 10 கிலோமீற்றரில் நிகழ்வன என்று பின்னர் தெளிந்தமையால் அது 10 ஆயிற்று. அஃது அளந்த எண்ணன்று. அளக்க இயலாமையின் அடையாளம்.

அவ்வாறாயின் ஆர்வலரின் முயற்சி நகைப்புக்குரியதோ? அன்று. ஒட்சுபோர்ட்டு வானியற் பேராசிரியர் டேர்னர், துறைக்குப் புறம்பானவராயினும், ஜோன் மில்ன் 1913 இல் மறைந்தபின் உலகப் பூகம்பப் பதிவுகளைத் தொகுக்கும் பணியைத் தாங்கினார். சில அதிர்ச்சிகளின் அலைகள் எதிர்பார்த்த வேளைக்கு முன்னரே தொலைநாடுகளை அடைவதை நோக்கி, அவை மிக ஆழத்திற் பிறந்தவை என்று 1922 இற் கூறினார். அறிஞர் பலர் ஐயுற்றனர். யப்பானிய இளைஞரான வடாட்டி, அண்மை நிலையங்களில் முதலலைக்கும் இரண்டாம் அலைக்கும் உள்ள கால இடைவெளியை ஒப்பிட்டு, அக்கருத்தை 1928 அளவில் நிலைநாட்டினார். அதிர்ச்சிகள் ஏறத்தாழ 700 கிலோமீற்றர் ஆழம்வரை நிகழ்தலை இன்று உலகம் அறியும்.

டேர்னர் கண்டதும் ஓர் ஒழுங்கே. பட்டியலில் 10 என்னும் எண்ணைக் கண்டவர் கண்டதும் ஓர் ஒழுங்கே. முன்னவர் கருவி பதிந்த நேரத்தினின்று தொடங்கினார். பின்னவர் ஒருவர் எழுதிவைத்த எண்ணினின்று தொடங்கினார். வேறுபாடு இதுவே.

கண்டிக்கு அருகே பல்லேகலையில் 2000 ஆம் ஆண்டு தொடக்கம் உலக வலையமைப்பைச் சேர்ந்த பூகம்பப் பதிவு நிலையம் ஒன்று இயங்கி வருகின்றது. எனினும் ஓர் அதிர்ச்சியின் இடத்தையும் ஆழத்தையும் துணிவதற்கு ஒரு நிலையம் போதாது. அதனைச் சூழப் பல கருவிகள் வேண்டும். அணையின் கீழ் வாழ்வோர்க்கு வதந்தியும் ஆறுதலாகாது, வெற்று மறுப்பும் ஆறுதலாகாது. எண்ணைக் கண்டவிடத்து, அஃது அளந்ததோ வைத்ததோ என்று வினவும் பழக்கத்தை மாணவர் கைக்கொள்வாராயின், திகனவின் அதிர்ச்சி நமக்கு நல்லதொரு பாடமாகும்.