‘ஈஸ்ட்’டும் கிழக்கும்

இரயில்வே அலுவலகத்திற் காகிதங்களோடு காலங்கழிக்கும் என் போன்றோர்க்குத் திசைகள் நான்கும் அன்றாடத் தோழர். வடக்கு இரயில்வே, தெற்கு இரயில்வே என்று எழுதாத நாளில்லை. ஆயினும், தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் ஒரு நாள், “அப்பா, ‘ஈஸ்ட்’ என்றால் தமிழில் கிழக்கா, மேற்கா?” என்று வினவியபோது திகைத்துப் போனேன். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

‘ஈஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல், வைகறையைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்றன் அடியாகப் பிறந்தது. வடமொழியில் விடியலைக் குறிக்கும் ‘உஷஸ்’ என்பதும் அதற்கு உறவுச் சொல்லே. ஞாயிற்றை நோக்கித் திசைக்குப் பெயரிட்ட ஆங்கிலேயர், பின்னர் அதனை நம் நாட்டின்மீதும் ஏற்றினர். 1600இல் இலண்டனில் தோன்றிய வணிகக் குழு, கிழக்கிந்தியக் கம்பெனி என வழங்கலாயிற்று. நாம் யாருக்குக் கிழக்கே? இலண்டனில் இருப்போர்க்கன்றோ! 1845இல் அமைந்த கிழக்கிந்திய இரயில்வேயும் அப்பெயரையே தாங்கிற்று. கல்கத்தாவிலிருந்து மேற்கு நோக்கி வளர்ந்து, 1860களில் யமுனையின்மேல் இரும்புப் பாலங்கட்டித் தில்லியை அடைந்த பின்னும் அது ‘கிழக்கிந்திய’ இரயில்வேதான். 1952 ஏப்ரல் 14ஆம் நாள் அதன் மேற்குப் பகுதிகள் வடக்கு இரயில்வேயிற் சேர்ந்தன. பெயரிடுவோன் எங்கு நிற்கின்றானோ, அவ்விடமே பெயரிலும் நிற்கின்றது.

நிற்க. நம் முன்னோரோ நிலத்தை நோக்கினர். மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல். காவிரியும் வைகையும் பொருநையும் மேலிருந்து கீழிறங்கிப் பாய்கின்றன. ஆதலின் மேல் என்பதிலிருந்து மேற்கும், கீழ் என்பதிலிருந்து கிழக்கும் பிறந்தன. மதுரையின் மேலமாசி வீதியும் கீழமாசி வீதியும் இன்றும் இதற்குச் சான்று. இரயில்வேயில் ‘அப்’, ‘டவுன்’ என்கிறோமே, அது மேடு பள்ளம் பார்த்து வைத்த பெயரன்று; நம் மேலும் கீழும் மண்ணைப் பார்த்து வைத்தவை.

மலையாள நாட்டிலோ மலை கிழக்கே, கடல் மேற்கே. எனினும் அவர்களும் மேடான திசையைக் ‘கிழக்கு’ என்றே வழங்குகின்றனர். மேற்கை மட்டும் ஞாயிறு படியுந் திசையெனப் ‘படிஞ்ஞாறு’ என்பர். 1856இல் முதன்முதல் வெளிவந்த திராவிட ஒப்பிலக்கணத்தின் ஆசிரியர் கால்டுவெல், இச்சொல்லையே சான்றாகக் காட்டி, அம்மக்களின் முன்னோர் மலைக்குக் கிழக்கேயிருந்து சென்றவர் எனக் கருதினார். ஊர் மாறியும் சொல் மாறவில்லை. சென்ற வழியைச் சொல்லே காட்டிக்கொடுத்தது!

இவற்றையெல்லாம் மகளுக்கு எங்ஙனம் விளக்குவது? மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றேன். “அதோ, அந்தப் பக்கம் ரிட்ஜ் என்னும் ஆரவல்லிக் குன்று. இந்தப் பக்கம் யமுனை. மழை பெய்தால் நீர் எங்கே ஓடும்?” என்றேன்.

“குன்றிலிருந்து கீழே யமுனைக்கு” என்றாள்.

“அந்தக் கீழ்தான் கிழக்கு!”

அவள் முகம் மலர்ந்தது. அன்றுமுதல் அவளுக்குத் திசை தடுமாறியதில்லை.

தில்லி மண்ணுக்கும் பொருந்துமாறு நம் சொற்கள் அமைந்திருப்பது நமது நற்பேறு. பிழைப்பை நாடி வடக்கே வந்த நாம், பிள்ளைகட்கு ஊரில் உள்ள நிலபுலன்களைக் காட்ட இயலாமற் போகலாம். அந்நிலத்தின் மேட்டையும் பள்ளத்தையும் தன்னுட் கொண்ட சொல்லைக் கொடுக்க இயலும். நம் செல்வங்கள் ‘ஈஸ்ட்’டை நன்கு கற்கட்டும், கிழக்கை மறவாதிருக்கட்டும்.

வாழ்க தமிழ்!