ஓலைச் சுருணையும் காந்த வட்டும்

1956-ஆம் ஆண்டு என்றவுடன் மொழிவழி மாநிலங்கள் அமைந்ததே நம் நினைவுக்கு வருகின்றது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் திருவிதாங்கூரின் தென்கோடியில் இருந்த தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலையை அடுத்த காரக்கோணம் போன்ற சிற்றூர்கள் அன்று முதல் எல்லையோர ஊர்களாயின. உறவு ஒரு மாநிலத்திலும் உழும் நிலம் மற்றொரு மாநிலத்திலுமாக வாழும் குடும்பங்கள் அங்கு உண்டு. அத்தகையோர்க்கு ஆவணம் என்பது வெறும் தாள் அன்று, உரிமைக்குச் சான்று.

அதே 1956-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்க நாட்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் ராமாக் என்னும் கணினியை அறிமுகம் செய்தனர். சுழலும் காந்த வட்டுகளில் செய்தியை எழுதி வைத்து, வேண்டும்போது வேண்டிய இடத்திலிருந்து எடுத்துத் தரும் கருவி வாணிகத்திற்கு வந்தது அதுவே முதன்முறை. எல்லை பிரிந்த நிகழ்ச்சிக்கும் இதற்கும் தொடர்பு ஏதுமில்லை. எனினும் இன்று அந்த எல்லையின் இருபுறத்தும் உள்ள அலுவலகங்களும் அச்சகங்களும் வீடுகளும் தம் எழுத்தை அவ்வட்டின் வழிவந்த கருவிகளிடமே ஒப்படைத்துள்ளன. அக்கருவிகளுள் பழையவை இப்பொழுது ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதுபட்டு வருகின்றன. அவற்றில் உள்ளதை மீட்பது எங்ஙனம் என்பதைச் சற்று வரலாற்று நோக்கில் ஆராய்வோம்.

எழுதியதைக் காக்கும் கலை இப்பகுதிக்குப் புதியதன்று. குமரி மாவட்டத்து முன்சிறையை அடுத்துள்ள பார்த்திவபுரத்தில் கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒரு கோயிலும், தொண்ணூற்றைந்து மாணாக்கர் பயிலும் சாலையும் நிறுவினான். அதற்காக முன்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்ற செய்தியைச் செப்பேட்டில் பொறித்து வைத்தான். அவ்வேடு திருவனந்தபுரத்து உசூர்க் கச்சேரியில் இருந்து கிடைத்தது. திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறையைச் சார்ந்த து. அ. கோபிநாத ராவ் அதனைப் படித்து வெளியிட்டார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் செம்பு கெடவில்லை. பழைய எழுத்தைப் படிக்க அறிந்தவர் ஒருவரும் இருந்தார். இவ்விரண்டும் சேர்ந்ததனால்தான் அச்செய்தி நமக்குக் கிடைத்தது.

செம்பு அரசர்க்கு. அன்றாடக் கணக்குக்குப் பனையோலையே ஏற்றது. பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்த மதிலகம் ஓலைகள் சுருணை சுருணையாகத் திருவனந்தபுரத்து அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றுள் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் எனப் பலவகை எழுத்துகள் காணப்படுகின்றன. ஓலைக்கு ஈரமும் பூச்சியும் பகை. ஆகவே நம் முன்னோர் புல்தைலம் தடவினர். மங்கிய எழுத்தில் கரியைப் பூசித் துலங்கச் செய்தனர். இவை யாவற்றினும் மேலாக, ஏடு நொறுங்கத் தொடங்குமுன் அதனைப் புதிய ஓலையில் பெயர்த்து எழுதினர். பழைய ஏடு அழியும், படி நிற்கும். இம்முறை தவறாது நடந்த நூல்கள் பிழைத்தன. நின்றுபோன நூல்கள் மறைந்தன.

இனி வட்டுக்கு வருவோம். ராமாக் கருவியில் 24 அங்குல அகலமுள்ள 50 வட்டுகள் ஒரே அச்சில் நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. இரும்பு ஆக்சைடு பூசிய அவ்வட்டுகளில் ஐம்பது இலட்சம் எழுத்துகள் அடங்கின. கருவியின் எடையோ ஒரு டன்னுக்கு மேல். 1962-இல் கழற்றி எடுத்துச் செல்லத்தக்க வட்டுக் கட்டு வந்தது. 1971-இல் மெல்லிய நெகிழ்வட்டு, அதாவது நாம் பிளாப்பி என்று வழங்குவது, 8 அங்குல அளவில் தோன்றியது. அது 1976-இல் ஐந்தேகால் அங்குலமாகவும், 1981-இல் சோனி நிறுவனத்தாரால் மூன்றரை அங்குலமாகவும் குறுகியது. 1973-இல் வின்செஸ்டர் என்னும் பெயரால் அறியப்பட்ட வன்தட்டும், 1980-இல் மேசைக் கணினிக்கேற்ற ஐந்து மெகாபைட் வன்தட்டும் வந்தன. நம் நாட்டில் 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கணினிக் கொள்கை இறக்குமதியை எளிதாக்கிய பின்னர், இவை சிறு நகரங்களின் தட்டச்சுக் கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் பரவின.

ஒவ்வொரு கருவியும் தோன்றிய முறையிலேயே அதன் நோயும் அடங்கியிருக்கின்றது. பிளாப்பியில் படிக்கும் தலை வட்டைத் தொட்டுக்கொண்டே செல்லும். வன்தட்டிலோ தலை காற்றின் மெல்லிய படலத்தில் மிதக்கும். ஆகவே பிளாப்பி தேய்வாலும் அழுக்காலும் கெடும். வன்தட்டு அதிர்ச்சியாலும் தூசியாலும் கெடும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பழுது காண்பது பாதி முடிந்ததாகும்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் இப்பகுதியில் பிளாப்பிக்கு முதற்பகை பூஞ்சணம். மூன்றரை அங்குல வட்டின் உலோக மூடியைச் சற்றே விலக்கி வெளிச்சத்தில் நோக்கினால், வெண்புள்ளிகளாகவோ மங்கிய வளையங்களாகவோ அது தென்படும். அதனைக் காணாமல் வட்டைக் கருவியில் செருகினால், பூஞ்சணம் தலையில் அப்பிக்கொள்ளும். அழுக்கேறிய தலை அவ்வட்டைக் கீறுவதோடு, அடுத்துச் செருகும் நல்ல வட்டையும் கீறிவிடும். ஒரு பெட்டி வட்டுகள் ஒரே மாலையில் பாழாவது இவ்வாறே. தலையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்துணியால் மெல்லத் துடைத்து, உலர்ந்த பின்னரே கருவியை இயக்க வேண்டும்.

இரண்டாவது நோய் தலையின் நிலை பிறழ்வது. பிறழ்ந்த கருவி தான் எழுதியதைத் தானே படிக்கும். பிற கருவிகளால் அதைப் படிக்க இயலாது. வட்டு கெட்டது என்று எறியப்பட்டவற்றுள் இவ்வாறு குற்றமற்றவையும் உண்டு. மற்றொரு கருவியில் இட்டுப் பார்த்தாலே இது விளங்கும். ஐந்தேகால் அங்குல வட்டுகளில் இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுளது. 360 கிலோபைட் கருவியின் தடம் அகலமானது, 1.2 மெகாபைட் கருவியின் தடம் அதில் ஏறத்தாழப் பாதி. அகலத் தடத்தின்மேல் குறுந்தலை எழுதினால் பழைய எழுத்து ஓரங்களில் எஞ்சி நிற்கும். பின்னர் அகலத் தலை இரண்டையும் ஒருங்கே படித்துக் குழம்பும். அத்தகைய வட்டைக் குறுந்தலைக் கருவியில் இட்டால் பெரும்பாலும் படித்துவிடலாம்.

கருவியின் உள்ளும் முதுமை உண்டு. ரப்பர் பட்டைகள் இளகிப் பிசினாகின்றன, மின்தேக்கிகள் கசிகின்றன. பிளாப்பிக் கருவியின் விளக்கு அணையாது எரிந்துகொண்டே இருந்தால், பெரும்பாலும் நாடாக்கம்பி தலைகீழாகச் செருகப்பட்டுள்ளது என்பது பொருள். இத்தகைய எளிய குற்றங்களை முதலில் நோக்காமல் பெரிய குற்றங்களைத் தேடுவது அறிவுடைமை அன்று. மின்சாரம் வருகின்றதா, கம்பி சரியாக உள்ளதா, நல்லதென்று தெரிந்த வேறொரு வட்டைப் படிக்கின்றதா என்று இவ்வரிசையில் நோக்குதல் வேண்டும்.

வன்தட்டின் நோய்கள் வேறு. பழைய தட்டுகளுள் பலவற்றில் தலையைப் படிப்படியாக நகர்த்தும் மோட்டார் உண்டு. வெப்பத்தால் உலோகம் விரியும்போது தடமும் சிறிது விலகும். எனவே குளிர்ந்த தட்டு படிக்க மறுத்தால், அரைமணி நேரம் சுழலவிட்டுப் பின்னர் முயல்வது பழகிய தொழிலாளர் வழக்கம். நெடுங்காலம் ஓய்ந்து கிடந்த தட்டில் தலை மேற்பரப்போடு ஒட்டிக்கொண்டு, மோட்டாரால் சுழற்ற இயலாமற் போவதும் உண்டு. அதனைக் கையால் மெல்லத் திருப்பி விடுவித்தவர் பலர். ஆனால் அவ்வாறு எழுந்த தட்டு மறுமுறை எழும் என்பதற்கு உறுதியில்லை. அப்போதே படியெடுத்துவிட வேண்டும். சொடுக்குச் சொடுக்கென்று ஒலி கேட்டாலோ உடனே மின்சாரத்தை நிறுத்துவது நன்று. தலை உடைந்திருப்பின் ஒவ்வொரு சுழற்சியும் எழுத்தைச் சுரண்டி எடுக்கும்.

இவற்றினின்று ஒரு முறை தானே விளங்குகின்றது. முதலாவதாக, வட்டில் மேற்கொண்டு எழுத முடியாதவாறு காப்புத் துளையை அமைத்தல். ஐந்தேகால் அங்குல வட்டில் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். மூன்றரை அங்குல வட்டில் சிறு தாழை நகர்த்தித் துளையைத் திறக்க வேண்டும். இரண்டாவது, வட்டைக் கண்ணால் நோக்கித் தூய்மை செய்தல். மூன்றாவது, பயனற்ற வட்டொன்றை இட்டுக் கருவியைச் சோதித்தல். நான்காவது, கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாராமல் முழு வட்டையும் தொடக்கம் முதல் இறுதி வரை அப்படியே படியெடுத்தல். ஐந்தாவது, திருத்தம் எதுவாயினும் படியின்மேல் மட்டுமே செய்தல். வட்டைச் செருகியதும் ‘இவ்வட்டு முறைப்படுத்தப்படவில்லை, முறைப்படுத்தலாமா’ என்று கணினி வினவும்போது ஆம் என்று விடையளித்ததால் அழிந்த எழுத்து மிகுதி. நல்ல ஏடெழுதுவோன் மூலத்தில் பிழையென்று தோன்றியதையும் உள்ளவாறே பெயர்த்தெழுதி, தன் கருத்தைத் தனியே குறிப்பான். இங்கும் அவ்வொழுக்கமே வேண்டும்.

படி கிடைத்ததும் வேலை முடிந்ததாகக் கருதுதல் கூடாது. தமிழ் எழுத்துக்கு மற்றொரு பூட்டும் உண்டு. 1980-களிலும் 1990-களிலும் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டு முறையைக் கையாண்டன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் முறைகள் அமைந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. அதற்குமுன் எழுதிய கோப்பை இன்று திறந்தால் தமிழ் தோன்றாது. பொருளற்ற உரோமக் குறிகளே வரிசையாய் நிற்கும். எழுத்து அழியவில்லை, அதைப் படிக்கும் அட்டவணை மட்டும் நம்மிடம் இல்லை. பழைய எழுத்து வழக்கொழிந்தபின் செப்பேட்டுக்கு நேர்ந்ததும் இதுவன்றோ? எனவே பழைய வட்டுடன் அதன் எழுத்துருவையும், எழுதிய மென்பொருளின் பெயரையும் சேர்த்துக் காத்தல் இன்றியமையாதது.

உலகின் பெரிய நிறுவனங்களும் இவ்விடரினின்று தப்பவில்லை. 1086-இல் இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்துத் தோலில் எழுதிய டூம்ஸ்டே நூலை இன்றும் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டை முன்னிட்டு 1986-இல் பி.பி.சி. நிறுவனத்தார் நாடெங்கும் செய்தி திரட்டி லேசர் வட்டுகளில் பதித்தனர். இருபது ஆண்டுகள் கழியுமுன்பே அவற்றைப் படிக்கும் கருவி கிடைப்பது அரிதாயிற்று; ஆய்வாளர் பெரிதும் முயன்றே அவற்றை மீட்டனர். 1966, 1967-ஆம் ஆண்டுகளில் சந்திரனைச் சுற்றிய லூனார் ஆர்பிட்டர் கலங்கள் எடுத்த படங்களும் காந்த நாடாக்களில் உறங்கின. அவற்றைப் படிக்கவல்ல ஆம்பெக்ஸ் கருவிகளுட் சிலவற்றை நான்சி எவான்ஸ் என்னும் நாசா அலுவலர் ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் காத்து வைத்திருந்தார். 2008-இல் அவற்றைப் பழுதுபார்த்து இயக்கியே அப்படங்களை மீட்டனர். நாடாவைக் காத்ததோடு கருவியையும் காத்ததால் விளைந்த நன்மை அது.

நம்மவர் நிலை யாது? சோனி நிறுவனம் 2011-இல் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. பழைய கருவிகள் பழைய இரும்புக் கடைகளை நோக்கிச் செல்கின்றன. பழுதறிந்த தொழிலாளரும் முதுமை அடைந்து வருகின்றனர். திருச்சபைப் பதிவேடுகளோ, ஊர்க் கோயில் கணக்கோ, அச்சேறாத நூலோ, குடும்பச் சொத்தின் பங்கு வரைவோ ஒரு பிளாப்பிப் பெட்டியில் கிடக்குமாயின், அதற்கு எஞ்சியுள்ள காலம் குறைவு. எல்லையோர ஊர்களில் இவ்வாறு ஒரு தலைமுறையின் எழுத்து மறைந்தால், அதனை எந்தக் காப்பகத்திலும் தேடிக் காண இயலாது. ஏனெனில் அது எங்கும் இரண்டாம் படியாக இல்லை.

ஆகவே வட்டைப் பத்திரப்படுத்துவது போதாது; பெயர்த்தெழுதுவதே காப்பு. படியெடுத்தவற்றை இரு வேறு இடங்களில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சோதித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்ற வேண்டும். நவராத்திரியில் ஏடுகளைப் பூசையில் வைத்து, விசயதசமி நாளில் எடுத்துப் படிக்கும் வழக்கம் எல்லையின் இருபுறத்தும் உண்டு. அந்நாளில் பழைய வட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து, உள்ளே பூஞ்சணம் ஏறியுள்ளதா என்று நோக்குவோமாக.