1973 பேஸ்பால் பருவம்: ஸ்ட்ரைக் அவுட்டில் முன்னின்றவர்கள்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் 1973ஆம் ஆண்டுப் பருவத்தில் அதிக ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவர் நோலன் ரயன். கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் வலக்கைப் பிட்சரான அவர் எடுத்தவை 383. 1900க்குப் பின் ஒரே பருவத்தில் அதைவிட அதிகமாக எவரும் எடுத்ததில்லை. பிட்சர் வீசும் பந்துகளில் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்ததும் பேட்டர் வெளியேறுவதே ஸ்ட்ரைக் அவுட். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஸ்டம்பைச் சாய்ப்பதைப் போல, ஃபீல்டர்களின் தயவு அதிகம் தேவைப்படாத வெற்றி அது.

1886இல் மாட் கில்ராய் 513 எடுத்திருக்கிறார். ஆனால் அன்று பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே 50 அடிதான். 60 அடி 6 அங்குலம் என்ற இன்றைய தூரம் 1893இல்தான் வந்தது. ஆகவே அந்தக் கணக்கைத் தனியே வைப்பதே முறை. ரூப் வாடெல் 1904இல் எடுத்த 349ஐ 1965இல் சாண்டி கூஃபாக்ஸ் 382 எடுத்துக் கடந்தார். 1969இல் பிட்சர் நின்று வீசும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. ரயன் வீசியது அந்தத் தாழ்ந்த மேட்டிலிருந்து.

டெக்சஸ்காரரான ரயனையும் வேறு மூவரையும் 1971 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி ஜிம் ஃப்ரெகோசிக்கு ஈடாக ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டே அவர் 329 எடுத்தார். 1973இல் மே 15 அன்று கேன்சஸ் சிட்டிக்கு எதிராகவும், ஜூலை 15 அன்று டெட்ராய்ட்டுக்கு எதிராகவும் ஒரு ஹிட்கூட விட்டுத்தராமல் முழு ஆட்டமும் வீசினார். டெட்ராய்ட்டில் 17 ஸ்ட்ரைக் அவுட். அன்று டெட்ராய்ட்டின் நார்ம் கேஷ் மட்டைக்குப் பதிலாக ஒரு மேசைக்காலைத் தூக்கிக்கொண்டு ஆட வந்தார். நடுவர் அதை மாற்றச் சொன்னார்.

செப்டம்பர் 27, அனஹைம். மின்னசோட்டா ட்வின்ஸுக்கு எதிராகப் பருவத்தில் தன் கடைசி ஆட்டத்தை வீச வந்த ரயனிடம் 367 இருந்தன. கூஃபாக்ஸைத் தாண்ட 16 வேண்டும். எட்டாவது இன்னிங்ஸில் பதினைந்தாவது விழுந்து 382 ஆயிற்று. ஒன்பதிலும் பத்திலும் ஒன்றும் விழவில்லை. ஆட்டம் சமநிலையில் நீண்டதால்தான் பதினொன்றாவது இன்னிங்ஸ் கிடைத்தது. அதில் ரிச் ரீஸ் வீழ்ந்தார். ஏஞ்சல்ஸ் 5–4 என வென்றது.

ஒரே ஒரு ஸ்ட்ரைக் அவுட் வித்தியாசம்தான் என்றாலும் அதைச் சிறிதாக எண்ணக் கூடாது. பிட்சருக்குப் பதில் வேறொருவர் மட்டை பிடிக்கும் விதி, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ரயன் ஆடிய அமெரிக்கன் லீக்கில் அறிமுகமானது அந்த ஆண்டில்தான். மற்றப் பிரிவான நேஷனல் லீக்கில் ஆடிய கூஃபாக்ஸுக்கு, மட்டை பிடிக்கத் தெரியாத எதிரணிப் பிட்சர்களும் இரையாகக் கிடைத்தார்கள். ரயனுக்கு அந்த எளிய இரை இல்லை. ஆனால் துல்லியத்தில் கூஃபாக்ஸ் வெகுதூரம் முன்னே: 1965இல் அவர் பேட்டர்களை 71 முறைதான் இலவசமாக முதல் பேஸுக்கு நடக்க விட்டார். ரயன் விட்டது 162 முறை.

அமெரிக்கன் லீக்கில் இரண்டாமவர் மின்னசோட்டாவின் பெர்ட் பிளைலெவன், 258. அவர் வீசியது 325 இன்னிங்ஸ், ரயன் 326. ஏறக்குறைய அதே உழைப்பில் ரயன் 125 கூடுதலாக எடுத்திருக்கிறார். மூன்றாமவர் ரயனின் சக அணி வீரர் பில் சிங்கர், 241. நேஷனல் லீக்கில் மெட்ஸின் டாம் சீவர் 251 எடுத்து முதலிடம் பெற்றார். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்கே. அமெரிக்கன் லீக்கின் சை யங் விருது பால்டிமோரின் ஜிம் பாமருக்குப் போனது, ரயன் இரண்டாமிடம்.

பின்னர் இந்த எண்ணை மிக நெருங்கியவர் ராண்டி ஜான்சன்: 2001இல் 372.