பிணை நின்ற காலணித் தொழிலாளி

1841ஆம் ஆண்டு பாஸ்டன் காவல் நீதிமன்றத்தில் குடிகாரர் ஒருவருக்குச் சிறை காத்திருந்தது. காலணி தைக்கும் ஜான் அகஸ்டஸ், இனிக் குடிப்பதில்லை என்று அவரிடம் உறுதி வாங்கிப் பிணை நின்றார். மூன்று வாரம் கழித்துத் தெளிந்த முகத்தோடு வந்தவருக்கு நீதிபதி விதித்த அபராதம் 1 சென்ட். வழக்குச் செலவு தனி.

அகஸ்டஸ் கண்ணை மூடிக்கொண்டு பிணை நின்றவர் அல்லர். குணம், வயது, இனி அமையப்போகும் சகவாசம் எல்லாம் விசாரிப்பார். மீண்டும் குற்றம் புரியும் அபாயம் எவ்வளவு என்று இன்று நன்னடத்தை அதிகாரிகள் படிவத்தில் மதிப்பெண் போட்டுப் பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான். விசாரித்ததோடு அவர் நிற்கவில்லை. வேலையும் தங்க இடமும் தேடிக் கொடுத்தார். 1858க்குள் 1,946 பேருக்குப் பிணை நின்றார். சிறைக்கு அனுப்பினால் கிடைக்கும் கட்டணம் போயிற்றே என்று நீதிமன்றச் சேவகர்களுக்கு அவர்மேல் கோபம்!

இந்த வேலைக்குச் சம்பளத்தோடு அதிகாரியை நியமிக்க மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் இயற்றியது 1878இல். அகஸ்டஸ் 1859லேயே மறைந்துவிட்டார்.