சொத்து, மனைவி, குடிமகள்: பெண்கள் வாக்குரிமையின் மூன்று படிகள் (1917–1952)

பிரித்தானிய இந்திய மாகாணங்களில் பெண்களுக்கு முதலில் வாக்குரிமை அளித்தது சென்னை மாகாணம். 1921-இல் நிகழ்ந்த இதைப் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அந்த வாக்கு எந்தப் பெண்ணின் கைக்குப் போனது என்று கேட்பது குறைவு. மாதர் அமைப்புகளின் கோரிக்கை ‘ஆணுக்குள்ள தகுதியே பெண்ணுக்கும்’ என்பதிலிருந்து ‘வயது வந்த எல்லோருக்கும்’ என்பதற்கு நகர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொத்து வழி வந்த வாக்கு

1917 மே 8 அன்று அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட் தலைவர். அயர்லாந்தில் வாக்குரிமைக்காகச் சிறை சென்ற மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அம்மு சுவாமிநாதன் ஆகியோர் அதை வளர்த்தனர். அவ்வாண்டு டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு தூதுக்குழு சென்னையில் பிரித்தானிய அரசின் இந்தியச் செயலர் மாண்டேகுவைச் சந்தித்தது. பெண் என்பதாலேயே எவரையும் விலக்கக் கூடாது என்பது அதன் கோரிக்கை. வாக்குரிமையை ஆராய அமைந்த சவுத்பரோ குழு சமூக வழக்கங்களைக் காரணம் காட்டி அதை மறுத்தது. சரோஜினியும் பெசன்டும் ஹீராபாய் டாடாவும் லண்டனில் சாட்சியம் அளித்தனர். 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டமோ முடிவை மாகாணங்களிடமே விட்டது.

1921 ஏப்ரலில் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் எளிதாக நிறைவேறியதற்கு அதன் சிறிய எல்லையும் ஒரு காரணம் எனலாம். சொத்தும் வரியுமே அன்று வாக்காளர் தகுதி. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்குப் பொதுவாகப் பங்கில்லை. நிலப் பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருந்தது. பால் தடை நீங்கியும் சொத்துத் தடை நின்றதால், பயனடைந்தவர்கள் மிகச் சிலரே.

அவைக்குள் நுழைவதும் எளிதாக இல்லை. 1926 தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் மங்களூரில் நின்று சிறு வித்தியாசத்தில் தோற்றார். அத்தேர்தலை அடுத்து முத்துலட்சுமி ரெட்டி உறுப்பினரானது நியமனத்தின் மூலம்தான். ஆயினும் அவையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறைக்கு எதிரான சட்டத்துக்கு அங்கிருந்தே போராடினார்.

மனைவி என்ற தகுதி

1930-இல் முதல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற ராதாபாய் சுப்பராயனும் பேகம் ஷா நவாசும் பெண்களுக்குத் தனி இடங்களை ஆதரித்தனர். மறு ஆண்டு மூன்று முக்கிய மாதர் அமைப்புகள் கூட்டு மனு அளித்தன: வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு வேண்டும், இட ஒதுக்கீடும் நியமனமும் வேண்டாம். 1917-இன் கோரிக்கை சொத்துத் தகுதியைக் கேள்வி கேட்கவில்லை. 1931-இன் மனு அதையே நிராகரித்தது. காங்கிரசின் கராச்சித் தீர்மானமும் அவ்வாண்டே வயது வந்தோர் வாக்குரிமையை ஏற்றிருந்தது.

பெரிய வாக்காளர் பட்டியலை நிர்வகிக்க முடியாது என்றது, வாக்குரிமையை மீண்டும் ஆராய்ந்த லோதியன் குழு. இலங்கையிலோ 1931-லேயே டொனமூர் அரசியலமைப்பின்கீழ் பெண்கள் சொத்துத் தகுதியின்றி வாக்களித்திருந்தனர். இருந்தும் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் இடைவழியைத் தேர்ந்தது: சொத்துள்ளவரின் மனைவிக்கும் எழுத்தறிந்த பெண்ணுக்கும் வாக்கு, பெண்களுக்குத் தனித் தொகுதிகள். பெண் வாக்காளர் தொகை பெருகியது. ஆனால் பலருக்கு அந்த உரிமை கணவரின் சொத்தையே சார்ந்திருந்தது.

தன் பெயரில் வாக்கு

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவு வயது வந்த எல்லோருக்கும் வாக்களித்து, சொத்து, மனைவி என்ற இரு தகுதிகளையும் ஒழித்தது. அதை வகுத்த அவையில் அம்மு சுவாமிநாதனும் உறுப்பினர். எனினும் முதல் பொதுத்தேர்தலுக்கான பட்டியல் தயாரானபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்தனர். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பதிவுகள் நீக்கப்பட்டன. அத்தனை பெண்கள் அத்தேர்தலில் வாக்கை இழந்தது பெரும் இழப்பு. ஆனால் உறவைச் சொல்லிப் பதிவதை ஏற்றிருந்தால், 1935-ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியாக்கிய மனைவி என்ற அடையாளமே குடியரசின் பட்டியலிலும் தொடர்ந்திருக்கும். 1921-ஐ இம்முப்பத்தைந்து ஆண்டுப் போராட்டத்தின் முதல் படியாக மட்டுமே கொள்வது பொருந்தும்.