நாடும் ஊரும்

சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருநாட்டுத்தொகை, ஊர்த்தொகை என்னும் இரு பதிகங்களையும் தேவாரம் ஓதும் அன்பர்கள் நன்கறிவர். யாம் மடத்திற் பயின்ற ஞான்று அவற்றைப் பாராயண முறையான் மனனஞ் செய்தோமேயன்றி, நாட்டையும் ஊரையும் அடிகள் வெவ்வேறாகத் தொகுத்தது என்னையென்று வினவினோமல்லேம். கல்வெட்டுக்களைப் படிக்கப் புகுந்த பின்னரே அதன் பயன் விளங்கிற்று. மிழலையென்னும் பெயர் பூண்ட ஊர்கள் இரண்டுளவாதலின், ஒன்றனை மிழலைநாட்டு மிழலையென்றும், மற்றொன்றனை வெண்ணிநாட்டு மிழலையென்றும் அடிகள் பிரித்துரைத்தார். ஊர்ப்பெயர் மயங்குமிடத்து நாட்டுப்பெயர் கொண்டு தெளிதல் அக்காலத்து வழக்கென்பது இதனாற் போதரும்.

நாடென்பது ஈண்டுத் தேயமன்று. ஊர்கள் பல கூடியதொரு சிறு பகுதியாம். சோழமண்டலத்துச் சிலவிடங்களில் அது கூற்றமெனவும் பெயர் பெறும். தொண்டைமண்டலத்து நாடுகளெல்லாம் 24 கோட்டங்களுள் அடங்கின. சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூர் புலியூர்க் கோட்டத்தது. கி. பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதல் இராசராசன் சோழமண்டலத்து நாடுகள் பலவற்றை ஒருங்கு சேர்த்து வளநாடுகளாக வகுத்து, அவற்றிற்குத் தன் விருதுப் பெயர்களை இட்டனன். ஆகலின் அவனெடுப்பித்த பெருங்கோயிற் கல்வெட்டில் தஞ்சை மாநகர், பாண்டிகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர் எனக் குறிக்கப்பட்டது.

இப்பிரிவுகளுள் ஒரு வேற்றுமை காண்க. மண்டலம், வளநாடு என்பன அரசன் இட்ட பெயர்கள். தொண்டைமண்டலம் சயங்கொண்டசோழ மண்டலமாயிற்று. சோழர் கைக்கொண்ட ஈழம் மும்முடிச்சோழ மண்டலமாயிற்று. முதற் குலோத்துங்கன் காலத்து வளநாடுகள் பல அவன் விருதுப்பெயர் பூண்டன. நாடும் கூற்றமுமோ பெரும்பாலும் தம் பழம்பெயரோடே நின்றன. என்னை? அவை உழவும் நீரும் பற்றி ஊர்கள் தாமே ஒன்றுபட்டு வளர்ந்தவையாதலின் என்க. மேலிருந்து வகுத்தது அரசனொடு மாறும். கீழிருந்து விளைந்தது நிலைபெறும்.

இனி ஊராட்சியை நோக்குவாம். வேளாண் மக்கள் ஊரில் ஊரார் கூடினர். பிரமதேயத்திற் சபையார் கூடினர். வணிகர் வாழிடத்து நகரத்தார் கூடினர். சபையின் இயல்பை உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரிலுள்ள முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் விரித்துரைக்கும். அவை கி. பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்தன. ஊர் 30 குடும்பாக வகுக்கப்பட்டது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையில் எடுத்த வீடும், கல்வியும் உடையராய், 35 வயதின் மேல் 70 வயதின் கீழுள்ளாரே வாரியத்திற்கு உரியரெனப் பின்னைய கல்வெட்டு விதித்தது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றுமறியாச் சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவ்வாறு வந்தாருள் 12 பேர் ஆட்டைவாரியம். 12 பேர் தோட்டவாரியம். 6 பேர் ஏரிவாரியம். அவர்தம் பணி 360 நாளளவிற்று. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதாரும், அவர்தம் நெருங்கிய சுற்றத்தாரும் குடவோலைக்கு விலக்கப்பட்டனர். பொதுப்பொருளைக் கையாள்வார்க்கு இதனினும் தக்கதொரு கட்டளை உண்டோ?

ஆயினும் பழமையென்றே அனைத்தையும் போற்றுதல் நேர்மையன்று. அச்சபையில் நிலமுடைய அந்தணர்க்கே இடனுண்டு; பெண்டிர்க்கும், நிலத்தில் உழைத்த ஏழை மாந்தர்க்கும் இல்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளிற் பெண்டிர்க்கும் தாழ்த்தப்பட்டார்க்கும் இடம் ஒதுக்கியது. இவ்வகையில் இக்காலத்தார் முன்னோரினும் மேற்பட்டனர் என்பது ஒப்பத்தக்கதே. கணக்குக் காட்டும் கடப்பாட்டிலோ முன்னோர்பாற் கற்பது இன்னும் உளது.

நிற்க. இவ்வரலாறு முழுதும் நமக்கு எங்ஙனம் கிடைத்தது? பெரும்பாலும் திருக்கோயிற் சுவர்களிலிருந்தேயாம். சில ஆண்டுகட்கு முன் பழைய சிவாலயமொன்றிற்குச் சென்றிருந்தேம். திருப்பணியிற் பிரித்த கற்களை மீண்டும் அடுக்கியோர், எழுத்துள்ள கல்லொன்றைத் தலைகீழாக வைத்திருந்தனர். அதன்கண் வளநாட்டின் பெயர் இருந்தது. தொடர்ந்து நாட்டின் பெயர் இருக்கவேண்டிய அடுத்த கல் அங்கில்லை. அவ்வூர் எந்நாட்டதென்று அச்சுவர் இனிச் சொல்லாது. அவர்கள் பகைவரல்லர், அன்பர்களே. அறியாமையால் நேர்ந்த இழப்பு அது.

ஆதலின் திருப்பணி செய்யும் அன்பர்களை வேண்டிக்கொள்வது இது: கல்லைப் பிரிக்குமுன் எழுத்தைப் படியெடுப்பித்து, கற்களுக்கு எண்ணிட்டு, வரிசை பிறழாமல் அடுக்குக. அழுக்ககற்றற்பொருட்டு மணலை வீசிச் சுவரைத் தேய்த்தல் ஒழிக. அடிகள் நாடும் ஊரும் தொகுத்துப் பாடினார்; அவற்றின் வரலாற்றை முன்னோர் இறைவன் திருச்சுவரிற் பொறித்தனர். அதனைக் காத்தலும் சிவத்தொண்டேயாம்.