கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் யாருக்காவது கண் மஞ்சளித்தால், பல வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். மழை பெய்தால் வரப்பிலும் கொல்லையிலும் தானாக முளைக்கும் சின்னச் செடி இது. இலைகளுக்குக் கீழே குட்டி நெல்லிக்காய்கள் போலக் காய்கள் வரிசையாக இருப்பதால் இந்தப் பெயர்.

வேரோடு பிடுங்கி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். அளவு? நெல்லிக்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு என்று பாட்டியின் கைக்கணக்குதான். உப்பு, புளி, எண்ணெய் சேர்க்காத பத்தியமும் உண்டு. புளியங்காடு என்ற பொருளில் பெயர் வந்ததாகச் சொல்லப்படும் திண்டிவனத்திலும் அந்த நாட்களில் புளி விலக்குதான்!

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் நம்பிக்கை மட்டுமல்ல, தூரமும்தான். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை இரண்டு ஊர்களும் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. தலைநகர் கடலூர். பெரிய சிகிச்சை என்றால் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி புதுச்சேரி ஜிப்மர். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2010-ல்தான். செடியோ வாசலிலேயே இருந்தது.

1988-ல் இந்தச் செடி உலகப் புகழ் பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் மற்றவர்களும் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. ஆனால் அதன் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வுகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் தலைமுறை தலைமுறையாகக் குணமானவர்கள்? காமாலை ஒரே நோய் அல்ல. கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே குணமாகிவிடும். உடம்பு செய்த வேலைக்கு செடி பெயர் வாங்கியிருக்கலாம். ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. கண்ணின் மஞ்சள் போன பிறகும் சிலருக்கு வைரஸ் உள்ளேயே தங்கி, பல வருடம் கழித்து ஈரலைக் கெடுக்கும். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளிக்கும். எது என்று மருத்துவப் பரிசோதனைதான் சொல்லும், அம்மி சொல்லாது.

பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. மருத்துவமனை எட்டாத காலத்தில் குடும்பங்களுக்குத் துணை நின்றது அது. ஆனால் கர்ப்பிணிக்குக் காமாலை வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, நோயாளி குழம்பிப் பேசினாலோ பத்தியம் முடியும் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இப்போது முண்டியம்பாக்கம் பக்கம்தானே!